சிற்றிலும் சிறுதேரும்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாறு பற்றிய கட்டுரை ஒன்று தருக என்று மலர்க் குழு அன்பர்கள் கேட்டுக்கொண்டபோது, மன்னர் பரம்பரைகளைப் பற்றியும் கோயில்களின் தொன்மையைப் பற்றியும் எழுதவல்ல கற்றறிந்த பெரியோர் நம் காலனியிலேயே பலர் இருக்கின்றனர் என்பது உடனே நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்குப் பட்டியல்களுக்கும் பார்சல் ரசீதுகளுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நாம் அத்துறையில் இறங்குவது முறையாகாது. ஆயினும் அப்பெரியோர் அதிகம் தொடாத வரலாறு ஒன்று உண்டு. அது நம் குழந்தைகளின் விளையாட்டுக்களைப் பற்றியது.

மன்னர்கள் தங்கள் வெற்றிகளைக் கல்லில் வெட்டுவித்தனர். கொடைகளைச் செப்பேட்டில் பொறித்தனர். குழந்தைகளோ தங்கள் ஆட்டக் களத்தை மணலில் கோடாக வரைந்தனர். பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது அதைத் தாங்களே காலால் அழித்துவிட்டும் போயினர். அவ்வாறு அழிந்துபோன கோடுகளின் வரலாற்றையே இங்கு சிறிது ஆராயப் புகுகின்றோம். தமிழ்நாட்டை விட்டு வந்து, இந்த மராட்டிய மண்ணில் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இவ்வரலாறு பொழுதுபோக்குச் செய்தியாக மட்டும் நின்றுவிடாது என்பது போகப்போகப் புலப்படும்.

சங்கப் புலவர்கள் காதலையும் போரையும் பாடியவர்கள் என்று பள்ளியில் படித்திருக்கின்றோம். அவர்களுடைய கண் குழந்தைகளின் மீதும் இருந்தது. சோழன் கிள்ளிவளவன் சேரனுடைய கருவூரை முற்றுகையிட்டிருந்த காலத்தில் ஆலத்தூர் கிழார் என்னும் புலவர் அவனிடம் சென்று பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உள்ளது. கோட்டைக்கு வெளியே மரங்கள் வெட்டுண்டு விழுகின்றன. அத்தகைய வேளையில் போரைப் பற்றிப் பேச வந்த புலவர், ஆன்பொருநை ஆற்று வெண்மணலில் சிறுமியர் பொன்னாலான கழங்குகளை வைத்து ஆடும் காட்சியையும் உடன் வைக்கின்றார். எந்த ஊரை அழிக்க வந்திருக்கிறாய் என்பதை அரசனுக்குக் காட்ட அவருக்கு மதிலும் மாளிகையும் தேவைப்படவில்லை. மணலில் ஆடும் சிறுமியர் போதும் என்று கருதினார் போலும்.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் அப்படியே. கடல் வாணிகத்தையும் பண்டசாலைகளையும் விரிவாகக் கூறும் பட்டினப்பாலையில் ஒரு வீட்டு முற்றம் வருகின்றது. அங்கே உலரும் நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்டுவதற்காக ஒரு பெண் தன் காதுக் குழையைக் கழற்றி எறிகின்றாள். அந்தக் குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறு தேரின் வழியில் கிடந்து அதைத் தடுக்கின்றதாம். நடைவண்டி என்று நாம் இன்று கூறும் பொருளின் மூதாதை இதுவே எனலாம். சரக்கு வண்டிகளின் போக்குத் தடைப்படுவதைப் பற்றி நாள்தோறும் பதிவேட்டில் எழுதும் நமக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தையின் வண்டி தடைப்பட்டதை எழுதி வைத்த அப்புலவரிடம் தனி அன்பு தோன்றுகின்றது.

நற்றிணையில் வரும் புன்னை மரத்தையும் விட்டுவிட மனம் வரவில்லை. தோழியரோடு ஆடும்போது ஒருத்தி புன்னை விதையொன்றை மணலுக்குள் அழுத்தி மறைக்கின்றாள். பிறகு மறந்தும் விடுகின்றாள். விதை முளைக்கின்றது. அவள் அதற்குப் பாலும் நெய்யும் வார்த்து வளர்க்க, மரம் பெரிதாகின்றது. 'இது உன்னைவிடச் சிறந்தவள், உனக்குத் தமக்கை முறையாவாள்' என்று தாய் அவளுக்குச் சொல்லியிருக்கின்றாள். அதனால் அம்மரத்தடியில் காதலனோடு பேசுதற்கும் அவள் நாணுகின்றாள். விளையாட்டில் மறந்த ஒரு விதை குடும்பத்தில் உறவாகவே ஆகிவிட்ட கதை இது.

புலவர்கள் சொன்னதற்கு மண்ணும் சான்று கூறுகின்றது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் நடந்த அகழாய்வுகளில், சுடுமண் ஓடுகளைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பகடைக் காய்களும் கிடைத்துள்ளன. தமிழக அரசு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அகழாய்வு அறிக்கையில் அவற்றின் படங்களைக் காணும் எந்தத் தாயும், 'இது பாண்டிச் சில்லு அல்லவா!' என்று வியப்பாள். இன்னும் பின்னோக்கிச் சென்றால் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் சுடுமண் வண்டிகளும், பறவை வடிவான ஊதல்களும், பகடைகளும் வெளிவந்திருக்கின்றன. திருவள்ளுவரும் கல்லாமை அதிகாரத்தைத் தொடங்கும்போது, நிரம்பிய நூலறிவு இல்லாதவன் அவையில் பேசப் புகுவதைக் கட்டம் வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகின்றார். கேட்போர் யாவரும் அந்த ஆட்டத்தை அறிந்திருந்தாலன்றி இவ்வுவமையை அவர் எடுத்திருக்கமாட்டார் என்பதில் ஐயமில்லை.

பிற்காலத்தில் இவ்விளையாட்டுக்கள் இலக்கியத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கே வந்துவிட்டன. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என்று சிறுமியரின் காயும் பந்தும் ஊஞ்சலும் மூவேந்தரைப் பாடும் பாட்டாகின்றன. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் இறைவனைப் பாடுதற்குத் திருவம்மானை, திருச்சாழல், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் என்று மகளிர் ஆடும்போது பாடும் பாட்டு வடிவங்களையே எடுத்துக்கொண்டார். ஆண்டாளோ நாச்சியார் திருமொழியில் தானும் தோழியரும் முதுகு நோவக் கட்டிய மணல் வீட்டைக் கண்ணன் வந்து மிதிக்கலாகாது என்று ஒரு பதிகம் முழுவதும் வழக்காடுகின்றாள்.

இவற்றுக்கெல்லாம் முடியாகத் தமிழில் பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகை உண்டு. இரண்டாம் குலோத்துங்கன் மீது ஒட்டக்கூத்தர் பாடியது 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. மதுரை மீனாட்சியம்மை மீது குமரகுருபரர் பாடியது 17ஆம் நூற்றாண்டினது. பத்துப் பருவங்களாக வகுக்கும் இந்நூல்களில் ஆண் குழந்தைக்குரிய கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெரும்பான்மை. குழந்தை வளர்வதை வயதால் அளக்காமல் எந்த விளையாட்டுக்கு வந்திருக்கிறது என்பதால் அளந்திருக்கின்றனர் நம் முன்னோர். மணல் வீட்டை மிதிக்கும் பருவம் ஒன்று. பறை கொட்டும் பருவம் ஒன்று. தேரை இழுக்கும் பருவம் ஒன்று. இன்று நம் பிள்ளைகள் 'எல்.கே.ஜி.', 'யு.கே.ஜி.' என்னும் இரு பருவங்களோடு நேரே பள்ளிக்குப் போய்விடுகின்றனர்.

இனி வீட்டுக்குள் வருவோம். நம் பாட்டிமார் ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களில் பல்லாங்குழிக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. மடக்கக்கூடிய மீன் வடிவப் பலகையாகச் சில வீடுகளிலும், ஒரே கட்டையாகச் சில வீடுகளிலும் அதைக் கண்டிருக்கின்றோம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். பதினான்கு குழி என்பதே மருவிப் பன்னாங்குழி என்றும் பல்லாங்குழி என்றும் ஆயிற்று என்பர். தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்ற நூலில் இத்தகைய ஆட்டங்களைப் பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன, ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன என்று பிரித்து, ஆடும் முறையோடு எழுதி வைத்துள்ளார். அந்நூல் நம் சங்க நூலகத்தில் இருக்கவேண்டிய ஒன்று.

பல்லாங்குழியின் சட்டம் எளியது, கணக்கு எளியதன்று. தன் பக்கத்துக் குழியொன்றின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாயின் அதைத் தடவிவிட்டு, அதற்கப்பால் உள்ள குழியின் காய்களை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தவேண்டும். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்கு உடையவர் உடனே எடுத்துக்கொள்வார். எந்தக் குழியில் தொடங்கினால் எந்தக் குழியில் முடியும் என்று காயைத் தொடுமுன் மனத்திலேயே ஓட்டிப் பார்ப்பவரே வெல்வார். கூட்டலும் கழித்தலும் பள்ளிக்குப் போகுமுன்பே விரல்நுனிக்கு வந்துவிடும். அடுத்த சுற்றில் போதிய காய் இல்லாதவர் தம் குழிகளிற் சிலவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய குழிகளோடு ஆடவேண்டும். மாதக் கடைசியில் குடும்பம் நடத்தும் கலையும் இதில் அடங்கியிருக்கிறது என்று நம் இல்லத்தார் கூறுவதுண்டு.

இதே பலகையில் ஒருவர் தனியே அமர்ந்து ஆடும் ஆட்டமும் உண்டு. அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் துணையின்றி இருந்த சீதாபிராட்டி ஆடியது என்பது பாட்டிமார் கூற்று. இப்பெயரின் அருமையை இக்காலனிப் பெண்டிரை விட நன்கறிந்தவர் இரார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் மணமுடித்து, மொழி தெரியாத இவ்வூருக்கு வந்து இறங்கிய முதல் ஆண்டில், கணவர் இரவு டூட்டிக்குச் சென்றபின் வாசற்கதவைத் தாழிட்டுக்கொண்டு சீதைப் பாண்டி ஆடியே இரவைக் கழித்ததாக நம் காலனித் தாய்மார்கள் இருவர் நம்மிடம் கூறியிருக்கின்றனர். அப்பலகைகள் இன்றும் அவர்கள் வீட்டுப் பரணில் உள்ளன.

தாயத்தையும் பரமபதத்தையும் பற்றிச் சில சொற்கள். பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு பக்கம் வெறுமையும் கொண்ட நீண்ட இரு பித்தளைக் கட்டைகளை உருட்டி, தாயம் விழுந்த பிறகே காயை இறக்கும் அந்த ஆட்டத்துக்கு வடநாட்டில் உறவினர் உளர். பச்சீசி என்று அதை இங்குள்ளோர் கூறுவர். பதேப்பூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் அதன் கட்டங்களைத் தரையிலேயே பதித்திருப்பதை இன்றும் காணலாம். அந்தப் பச்சீசிதான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லூடோ என்று பெயர் மாற்றிக்கொண்டு நமக்கே திரும்பி வந்தது. பாவ புண்ணியத்தைப் பாம்பாகவும் ஏணியாகவும் காட்டிய நம் பரமபதப் படமும் அதே காலத்தில் அந்நாட்டுக்குச் சென்று, பரமபதத்தை விட்டுவிட்டுப் பாம்பையும் ஏணியையும் மட்டும் கொண்டு மீண்டது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் லூடோ ஆடுவதைக் கண்டு கடிந்துகொள்ளும் பெரியோர், அது ஆங்கிலேயர் ஆட்டம் என்று மட்டும் கடிந்துகொள்ள வேண்டா. கடிந்துகொள்ள வேறு காரணம் உண்டு. கைப்பேசியில் காயை நகர்த்தும் பொறி எண்ணிக்கையையும் தானே எண்ணிவிடுகின்றது. குழந்தை வாய்திறந்து எண்ண வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கூறவேண்டும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் இம்முறையைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். சிற்றில் கட்டிய அதே மணலில் எழுத்தும் பிறந்ததால், பிள்ளைக்கு விளையாட்டு எங்கு முடிந்து படிப்பு எங்குத் தொடங்கிற்று என்று தெரியாமலிருந்தது. பின்னர் வந்த பள்ளிகளில் மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் டிரில் என்று இரண்டும் பிரிந்தன. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியபின் பள்ளி விளையாட்டுக்குத் தேர்ந்த ஆசிரியர்கள் கிடைத்தனர். 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுதும் இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களைப் பழக்கினார். மணிகளைக் கோத்து எண்ணவும், சொரசொரப்பான எழுத்துக்களை விரலால் தடவி அறியவும் குழந்தைகளுக்கு வகை செய்தார். பாரதியாரோ பாப்பாவுக்கு மாலைப்பொழுது முழுவதையும் விளையாட்டுக்கே ஒதுக்கிவிட்டார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே கல்வி என்று கூறுகின்றது. கொள்கை கூறுவதும் டியூஷன் ஆசிரியர் கூறுவதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது நம் வேண்டுதல்.

நிற்க. இதுவரை கூறியவை தமிழ்நாட்டுச் செய்திகள். மராட்டிய மண்ணில் இருந்துகொண்டு இவற்றை ஏன் எழுதவேண்டும் என்று ஒருவர் வினவலாம்.

சென்னையிலிருந்து வடமேற்கே வந்த இருப்புப் பாதையும் பம்பாயிலிருந்து தென்கிழக்கே வந்த பாதையும் 1871இல் ராய்ச்சூரில் ஒன்றாக இணைந்தன. அதன்பின் இவ்வழியே வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. விளையாட்டுக்களோ அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே டிக்கெட் இல்லாமல் இப்பாதையில் போய்வந்துவிட்டன என்பதை இங்கு வந்தபின்தான் கண்டோம்.

கழங்கைப் பற்றி முன்னே கூறினோம். பொன்னாலான கழங்கு செல்வர் வீட்டுப் பெண்களுக்கு. மற்றவர்க்குக் கழற்சிக்காயே கழங்கு. வேலிகளில் முள்ளோடு படரும் கொடியில் காய்க்கும் சாம்பல்நிற உருண்டை விதை அது. பின்னாளில் அதன் இடத்தைக் கூழாங்கல் பிடித்துக்கொள்ள, ஆட்டத்துக்கு அஞ்சாங்கல் என்றும் ஏழாங்கல் என்றும் தட்டாங்கல் என்றும் பெயர் மாறிற்று. இங்குள்ள மராட்டியப் பெண்கள் தரையில் வட்டமாக அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடுவர். அதற்குச் சாகர்கோட்டே என்று பெயர். ஒரு காயை மேலே வீசி, அது கீழே வருமுன் தரையிலுள்ளவற்றை வாரிப் பிடிக்கும் அதே ஆட்டம். சாகர்கோட்டா என்பது என்ன காய் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கழற்சிக்காயேதான்! நம் ஊரில் விதை போய்க் கல் வந்துவிட்டது. இங்கே ஆட்டத்தின் பெயரிலேயே விதை நிலைத்திருக்கிறது. ஆன்பொருநை மணலில் ஆடிய கழங்கை நம் பெண்குழந்தைகள் காணவேண்டுமானால், கருவூருக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஆஜியிடம் கேட்டால் போதும்.

சடுகுடு தமிழ்நாட்டில் மூச்சடக்கி ஆடுவது. ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது இவ்வாட்டத்தை உலகினர்க்கு ஆடிக்காட்டியவர்கள் விதர்ப்ப நாட்டு அமராவதியிலுள்ள ஹனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டலத்தார். 1990இல் பீஜிங் ஆசியப் போட்டியில் இதற்குப் பதக்கமும் வைத்தனர். தங்கம் நம் நாட்டுக்கே கிடைத்தது. கோ-கோ ஆட்டத்துக்குப் புனாவின் டெக்கான் ஜிம்கானா 1914இல் விதிகள் வகுத்தது. அது இங்கிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்றது. பல்லாங்குழிக்குக் கன்னடத்தில் அளிகுளி மணெ, தெலுங்கில் வாமன குண்டலு, சிங்களத்தில் ஒலிந்த கெளிய, மலாய் மொழியில் சொங்காக். ஒலிந்த என்பது குன்றிமணி.

இவை எல்லாவற்றையும் விட நம்மைச் சிந்திக்க வைத்தது கிட்டிப்புள். மராட்டியர் இதனை விட்டி தாண்டூ என்பர். புள்ளை அடித்தபின் தாண்டாலே தூரத்தை அளந்து எண்ணும்போது இந்நாட்டு முதியோர் வழங்கும் எண்களைக் கேளுங்கள்: வகட், லேண்ட், மூண்ட், நால். மராட்டி மொழியில் ஒன்று, இரண்டு என்பதற்கு ஏக், தோன் என்பனவே சொற்கள். கடைவீதியில் யாரும் வகட், லேண்ட் என்று எண்ணுவதில்லை. தெலுங்கின் ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு என்பனவற்றை அருகில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மூன்றும் நாலும் தமிழர் காதுக்கும் அயலல்ல. எல்லோராவில் கைலாசநாதர் கோயிலைக் குடைவித்த இராஷ்டிரகூடர் கன்னடத்தைப் போற்றியவர்கள். அவர் குலத்து அமோகவர்ஷன் காலத்து நூலாகிய கவிராஜமார்க்கம், காவிரி முதல் கோதாவரி வரை கன்னட நாடு என்று 9ஆம் நூற்றாண்டில் எல்லை கூறுகின்றது. அத்தகைய தென்மொழி உறவின் தடம் பேச்சில் தேய்ந்தபின்னும், தெருப்பிள்ளைகளின் ஆட்டக் கணக்கில் தேயாமல் நின்றிருக்கிறது.

இதைக் கேட்டு முதலில் மகிழ்ந்தோம். ஆனால் இரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தபோது மகிழ்ச்சி குறைந்தது. வகட், லேண்ட் என்று எண்ணிய பிள்ளைகளுக்கு அவை எண்கள் என்பது தெரியும். எந்த மொழியின் எண்கள் என்பது தெரியாது. அவர்கள் வாயில் அவை ஆட்டத்துக்குரிய ஓசைகள், அவ்வளவே. நம் காலனியில் எண்பத்தொன்பது என்றால் விழிக்கும் பிள்ளைகள் இன்று பலர். எய்ட்டி நைன் என்றோ நவாசி என்றோ சொன்னால்தான் தெளிகின்றனர். பழைய தனி வீடுகளை இடித்து அடுக்குமாடிக் குவார்ட்டர்ஸ் கட்டியபின், பாட்டியும் பேத்தியும் மாலையில் அமர்ந்த தாழ்வாரமும் போயிற்று. இந்நிலையில் நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் ஒன்று, ரெண்டு, மூணு என்பனவற்றைப் பொருளறியாத ஆட்டச் சொற்களாக மட்டும் சொல்லித் திரிவார்களோ? அவ்வாறு சொல்வதற்கேனும் அவர்களிடம் ஓர் ஆட்டம் இருக்குமோ, இராதோ?

சென்ற கோடை விடுமுறையில் சங்கம் நடத்திய ஞாயிறு தமிழ் வகுப்பின் செய்தி அன்பர்கள் அறிந்ததே. முதல் வாரம் கூடம் நிறைந்தது. நான்காம் வாரம் ஆசிரியையும், அவருடைய சொந்தப் பிள்ளைகள் இருவரும், பெருக்க வந்த அம்மையாரும் இருந்தனர். ஐந்தாம் வாரம் தஞ்சை மாவட்டத்துப் பாட்டி ஒருவர் தம் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கிக் கொண்டுவந்து, பாடத்துக்கு முன் அரைமணி நேரம் ஆடலாம் என்றார். அரைமணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று. பாட்டி ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: காயை இடும்போது வாய்விட்டுத் தமிழில் எண்ணவேண்டும், வேறு மொழியில் எண்ணினால் அந்தக் குழியின் காய் எதிரிக்குப் போய்விடும். பசு விழுந்தபோது எழுந்த கூச்சல் கேட்டு மாடியிலிருந்த மராட்டியச் சிறுமி ஒருத்தி இறங்கி வந்தாள். அவளும் அதே நிபந்தனைக்கு உட்பட்டே ஆடினாள். ஏழாம் வாரம் அவள் முப்பது வரை தமிழில் பிழையின்றி எண்ணினாள். நம் பிள்ளைகளிற் சிலர் இருபத்தெட்டில் இடறியதைக் கண்டு அவள் திருத்தியதும் உண்டு. அவளுடைய தாய்வழிப் பாட்டி, அதாவது ஆஜி, ஒரு கைப்பிடி சாகர்கோட்டாவைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை நம் பெண்குழந்தைகள் எழுவர் பகிர்ந்துகொண்டு விடுமுறை முடியும்வரை கீழே வைக்கவில்லை.

வரும் கோடையிலும் இவ்வகுப்பை நடத்தச் சங்கம் எண்ணியுள்ளது. அதற்குமுன் தீர்க்கவேண்டிய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. குழிக்கு ஆறு காய் என்பது தஞ்சைப் பாட்டியின் கட்சி. திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஆச்சி ஐந்து காய்தான் என்கின்றார். "ஆறு காய் போடாமல் அது என்ன ஆட்டம், ஆச்சி?" என்று பாட்டி கேட்க, "எங்க அம்மை அஞ்சு போட்டுத்தான் சொல்லித் தந்தா. அதை மாத்தச் சொல்லுதீகளா?" என்று ஆச்சி எழுந்துவிட்டார். செயற்குழுவும் இதில் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. ஒரு ஞாயிறு ஐந்தும் மறு ஞாயிறு ஆறுமாக ஆடலாம் என்ற சமரசத்தை இருவரும் அரைமனத்தோடு ஏற்றுள்ளனர். ஆறென்றே கணக்கிட்டாலும் ஒரு பலகைக்கு 84 காய். ஆறு பலகைக்கு 504. ஆகவே தாய்மார்கள் புளி கரைத்தபின் கொட்டைகளை எறிந்துவிடாமல் கழுவி, வெயிலில் உலர்த்தி, ஏப்ரல் மாத முதல் ஞாயிற்றுக்குள் சங்க அறையில் கொடுத்துவிட வேண்டுகின்றோம். சோழி இருந்தால் இன்னும் நன்று. அளவு ஒத்திருக்க வேண்டும்.